துரைசாணியின் தொப்பி ஊசி

உதயசூரியனுக்கு மண்ணுக்குள் கிடக்கும் எல்லாமே வெள்ளைக்காரனுடையது. துருப்பிடித்த ஆணி என்றால் துரை வீட்டு ஆணி. நசுங்கிய கரண்டி என்றால் துரைசாணி சூப் குடித்த கரண்டி. போன வாரம் அகப்பட்ட தகர மூடியைக்கூடத் துடைத்து, முகர்ந்து பார்த்து, "விஸ்கி வாசனை இன்னும் போகலே மச்சான்" என்றான். அது வார்னிஷ் டப்பா மூடி. நியாஸுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொன்னால் மட்டும் அந்த மண்டையில் ஏறிவிடவா போகிறது?

நியாஸுக்குக் கியாக்டடா பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை. உதயசூரியன் சீனாவிலிருந்து வரவழைத்த உலோகம் தேடும் கருவி வந்த வாரமே ஊமையாகிவிட்டது. அதைத் திறந்து பிழைக்க வைத்த பாவத்துக்கு, இப்போது ஞாயிறு தவறாமல் மண்வெட்டியோடு அவன் பின்னால் அலைகிறான். உதயசூரியன் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவன். வெளிநாட்டார் வரத்து நின்றதிலிருந்து வேலை இல்லை. சூலே பகோடா பக்கம் பழைய கட்டடம் ஒன்றில் பவானி என்பவள் காப்பிக்கடை திறக்கிறாள். பிரிட்டிஷ் காலத்துச் சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிறவர்களுக்குக் கதை சொல்ல ஆள் தேடுகிறாள். அந்த வேலை கிடைத்தால்தான் இவன் வீட்டில் அடுப்பெரியும். அதற்காகத்தான் நியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினான்.

அன்று மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், காவல்காரரிடம் சொல்லிவிட்டு, இடிந்த ரயில்வே பங்களாவுக்குப் பின்னால் தேடினார்கள். ஒரு காலத்தில் அங்கே தமிழ்க் கூலிகளின் லயன், வரிசை வீடுகள், இருந்தது. லயன் கோடியில் முருகன் கோயிலும் இருந்தது. அதை எப்போதோ பெரிய தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். கருவி கீச்சிட்டது. நியாஸ் தோண்டினான். ஒரு சாண் நீளத்தில் கறுத்த வெள்ளிக் கம்பி வந்தது. அதன் தலை இலைபோலத் தட்டையாக இருந்தது.

"ஐயோ, ஊசிடா!" உதயசூரியன் குதித்தான். "துரைசாணிங்க தொப்பியிலே குத்துற ஊசி! கவர்னர் பொண்டாட்டியோடதாகூட இருக்கும்!"

"அலகுடா அது. தலையைப் பாரு, வேல். ஒருத்தர் கன்னத்துலே போனதை இன்னொருத்தருக்குக் குத்தமாட்டாங்க. நேர்த்திக்கடன் முடிஞ்சதும் லயன்காரங்க கோயிலுக்குப் பின்னாடி புதைச்சிடுவாங்க."

"நீ பள்ளிவாசல் ஆளு. உனக்கென்ன தெரியும்?"

யா அல்லா! காவடி ஊர்வலம் நியாஸ் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். வருஷா வருஷம் பானையில் தண்ணீர் வைத்து, அலகு குத்தியவர்களின் காலில் ஊற்றுகிற வீடு அது. இந்த மகராசனோ அன்றைக்கு ஊரிலேயே இருக்கமாட்டான். ஒரு தடவை தெரியாத்தனமாக மாட்டிக்கொண்டபோது, கூட வந்த வெள்ளைக்காரியிடம், "இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னவன். இவனுடைய கொள்ளுத்தாத்தா ரயில் பாதைக்குக் கல் சுமந்தவர். கேட்டால் 'ரயில்வே இலாகாவில் இருந்தார்' என்பான். தூ!

"மத்ததையெல்லாம் காட்டு. இதை மட்டும் பவானிகிட்ட காட்டாதே," என்றான் நியாஸ். உதயசூரியன் பெரிய மனதோடு தலையை ஆட்டினான்.

மறுநாள் காப்பிக்கடையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கரண்டியைப் பார்த்தாள், பித்தளைப் பூட்டைப் பார்த்தாள், பவானிக்கு முகம் மலர்ந்தது. "எப்போலேருந்து வர்றீங்க?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். அத்தோடு எழுந்து வந்திருக்கக் கூடாதா? பயல் சட்டைப்பையிலிருந்து பட்டுத் துணியை எடுத்தான். பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான்.

"மா பவானி," என்று பர்மிய முறையில் மரியாதையாக ஆரம்பித்தான். "இதுதான் முக்கியமானது. கவர்னர் சம்சாரம் குதிரை வண்டியிலே போகையிலே, காத்துலே தொப்பி பறக்காம இருக்க..."

நியாஸ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பவானி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துரைசாணிக்கு இவ்வளவு மரியாதையா என்று உதயசூரியன் பூரித்துப் போனான், மடையன்.

"கோ உதயசூரியன்," என்று அவளும் அதே மரியாதையோடு கூப்பிட்டாள். "கன்னத்தைக் காட்டுங்க."

"என்னது?"

"எங்க வீட்டுக்காரரு வருஷா வருஷம் குத்திக்கிறாரு. தொப்பியிலே இல்லே, இங்கே." அவள் விரல் அவன் கன்னத்துக்கு நேரே நின்றது. "இது கோயிலுக்குப் போகணும். நான் கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்."

"அப்ப... வேலை?"

"நம்ம சாமானே உங்களுக்குத் தெரியலே. நீங்க சொல்ற துரை கதையை நான் எதை வச்சு நம்புறது?"

அவள் மற்றவற்றையும் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே பஸ்கள் அலறிக்கொண்டு போயின. சொன்னேனா இல்லையா என்ற பேச்சு நியாஸுக்கு நாக்கு நுனிவரை வந்திருந்தது. உதயசூரியன் பெட்டியை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தைத் தடவியபடி நின்றான்.

"மச்சான், அதைக் குத்துனா வலிக்குமா?"

"அவங்களுக்கு வலிக்காதாம்," என்றான் நியாஸ். "உனக்கு வலிக்கும்டா."