தேலுவின் கைமணம்

வாசலில் நண்பர்களோடு ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹாபுவின் குரல், சுவரைத் தாண்டி உள்ளே வந்தது.

“குழம்பு எப்படிடா? எல்லாம் என் புதுப் பொண்டாட்டி தேலு கைமணம்!”

அடுப்படியில் மூத்த மனைவி தலாத்து அகப்பையை ஓங்கிப் போட்டாள். குழம்புக்குப் பெருக்கமரத்து இலையை இடித்துச் சலித்தது அவள். களி கிண்டித் தோள் கழன்றதும் அவளுக்குத்தான். ஆளுக்கு இரண்டு நாள் சமையல் என்பது வீட்டு முறை. இன்று அவளுடைய இரண்டாம் நாள். பேர் மட்டும் இன்னொருத்திக்கா?

“அப்ப நாளைக்கும் வர்றோம்!” என்றார்கள் நண்பர்கள்.

மறுநாள் தேலுவின் களி கட்டிகட்டியாகிவிட்டது, குழம்பு அடிப்பிடித்துவிட்டது. வாசலில் ஆட்கள் கைகழுவி உட்கார்ந்தாயிற்று. ஹாபு தலாத்துவின் அறைக்கு ஓடிவந்தான்.

“இன்னிக்கு மட்டும் நீ செஞ்சு குடு. மானம் போயிடும்டி!”

“நேத்து என் மானத்தை வாசல்ல வச்சுப் பரிமாறினீங்களே, அப்ப இனிச்சுதா? என் முறை நேத்தோட முடிஞ்சுது.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வெளியிலிருந்து ஒருவன் கத்தினான்: “ஹாபு, கைமணம் இன்னும் வரலையாடா?”