முருகேசன் கடைக் கிரிக்கெட் அட்டைகள்

வாய்க்கரிசி போடக் குனிந்த நேரம் பார்த்து மாலினியின் கைப்பைக்குள் கணவர் வாமதேவனின் நோக்கியா போன் அடித்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. பெட்டிக்குள் படுத்திருந்தவர் மட்டும் அசையவில்லை. மற்ற நாளென்றால் பாய்ந்து எடுத்திருப்பார்.

மாலினி ஓரமாகப் போய் எடுத்தாள். லண்டன் அப்டன் பார்க்கில் பழைய நாணயம், தபால் முத்திரை விற்கும் முருகேசன்.

"சார், அந்த கிரிக்கெட் அட்டை செட்டை வேறொருத்தர் கேக்குறார். சாயங்காலம் வர்றாராம். உங்களுக்கு வேணும்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்தக் காலத்துச் சிகரெட் பக்கெற்றுகளுக்குள் வந்த அட்டைகள். ஒன்றும் குறையாத செட். விலையைக் கேட்டால் தலை சுற்றும். வாமதேவன் ஆசைப்பட்டாரே தவிர வாங்கவில்லை. முதலில் அண்ணனை ஊரிலிருந்து லண்டனுக்கு எடுக்க வேண்டியிருந்தது. பிறகு தங்கையின் கலியாணம், பிறகு வீடு.

"இவர் செவ்வாய்க்கிழமை மோசம் போயிட்டார். நான் மனிசி கதைக்கிறன்," என்றாள். "செட் எங்களுக்கு வேணும். இப்பவே ஆளை அனுப்புறன். அவற்ற கையில வச்சு அனுப்போணும்."

பக்கத்தில் நின்ற வாமதேவனின் அண்ணன் யோகராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விசர்க்கதை கதையாதை பிள்ளை. அவ்வளவு காசையும் எரிக்கிறதோ?"

"உங்களைக் கூப்பிட்ட காசில இதைத்தான் வாங்க இருந்தவர், அத்தான்."

யோகராஜா சால்வையைச் சரிசெய்தார்.

முருகேசன் இன்னும் போனில்தான் இருந்தார். "வாங்குவார்னு நான் நினைக்கலைம்மா. சனிக்கிழமை வருவார், ஆல்பத்தைத் தொறந்து பாப்பார், போவார். ஒருநாள் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டணும்பார்."

"ஒருக்கா வாருமன்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே வாமதேவன் கேட்பார். "எனக்கு ஷிப்ட்" என்பாள். ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளும் இருந்தன. கடதாசி அட்டை பார்க்க யார் பஸ் ஏறுவது என்று இருந்துவிட்டாள். இன்னும் ஒரேயொரு தரம் கூப்பிட மாட்டாரா என்று இப்போது தோன்றியது.

"கேட்ட ஆளுக்கே குடுங்கோ," என்றாள். "நான் வருமட்டும் வச்சிருங்கோ. ஒருக்காப் பாக்கோணும்."

தகனம் முடிந்தால் நேரே வீட்டுக்குப் போய்த் தலைமுழுக வேண்டும். யோகராஜா அதைச் சொல்லிச் சொல்லியே காரை அப்டன் பார்க்குக்கு ஓட்டினார்.

மாலினி கடை வாசலில் நின்றாள். "செத்தவீட்டுத் துடக்கோட வந்திருக்கிறன். உள்ள வரலாமோ?"

முருகேசன் கதவை அகலத் திறந்து பிடித்தார். பிறகு ஆல்பத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

மாலினி கொஞ்சம் இடப்பக்கமாகத் தள்ளி, பக்கத்தில் இன்னோர் ஆள் நிற்க இடம் விட்டு, குனிந்து பார்த்தாள்.