மூடி வச்ச தட்டு

நெட்டை நல்லவன்தான். அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இனிமே அவனைத் திட்டத்தான் போறேன்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவங்க. அணு உலை வெடிச்சு, ஊரையே காலி பண்ணி வேலி போட்டிருந்தாங்க. உள்ள போக எங்களுக்கு ஒரே ஒரு மணி நேரம் அனுமதி. தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, ரெண்டு அடுக்குக் கையுறை. கதிர்வீச்சு அளக்கிற கருவி கழுத்துல தொங்கிக்கிட்டு ஓயாம கத்துது.

ஒரு வீட்டுச் சமையலறையில மேஜை மேல சாப்பாட்டுத் தட்டு. அதை இன்னொரு தட்டால மூடி, மேல ஒரு கரண்டியைக் குப்புற வச்சிருந்தாங்க. ஜன்னல்ல ஒரு மூக்குக் கண்ணாடி. நெட்டை அதை அப்படியே ஒரு படம் எடுத்தான். அப்புறம் மேல் தட்டைத் தூக்கி ஓரமா வச்சான். நாற்காலியை இழுத்துப் போட்டான். கண்ணாடியைக் கொண்டுவந்து தட்டுப் பக்கத்துல வச்சான்.

"டேய், எதையும் தொடாதேடா!"

"நீ சும்மா இரு அக்கா. பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடின மாதிரி இருக்கும். பார்க்கிறவங்க மனசு உருகிடும்."

உருகத்தான் செஞ்சுது. முதல் பக்கத்துல பெரிசா போட்டாங்க. ஆபீஸே அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுச்சு. நடந்ததை நான் ஆசிரியர்கிட்ட சொன்னேன். "உனக்கு வயித்தெரிச்சல்"னுட்டார். போய்யா நீயும் உன் பத்திரிகையும்னு மனசுக்குள்ள திட்டிட்டு வெளிய வந்துட்டேன்.

அடுத்த வாரம் அந்த ஊர்க்காரங்க தங்கியிருக்கிற முகாமுக்குப் போனோம். அது ஒரு பள்ளிக்கூடம். வகுப்புக்கு நாலு குடும்பம், கரும்பலகை மேல துணி காயுது. கேமராவைப் பார்த்ததும் ஒரு அம்மா ஓடி வந்தாங்க. முகாம்ல எல்லாருக்கும் துணி தைச்சுக் கொடுக்கிற தையல்காரம்மாவாம். கையில எங்க பேப்பர்.

"இது எங்க வீடுங்க! எங்க வீட்டுக்காரர் உலையில வேலை பார்க்கிறவர். வெடிச்ச அன்னைக்கு டியூட்டில இருந்தார், அப்புறம் ஒரு தகவலும் இல்ல. எங்களை பஸ்ல ஏத்தும்போது அவருக்குச் சாப்பாடு போட்டு மூடி வச்சிட்டுத்தான் ஏறினேன். பாருங்க, திறந்திருக்கு! வந்து உட்கார்ந்திருக்கார்! கண்ணாடியைப் பாருங்க, ஏதாவது படிச்சுக்கிட்டே சாப்பிடணும் அந்த மனுஷனுக்கு. எவ்வளவு திட்டினாலும் திருந்த மாட்டார்!"

சொல்லிட்டு வாய்விட்டுச் சிரிச்சாங்க. நான் நெட்டையைத் திரும்பிப் பார்த்தேன்.

அவங்க நாத்தனார் என்னை ஓரமா இழுத்துட்டுப் போச்சு. "அண்ணி பையைக் கட்டிட்டாங்க. வேலியைத் தாண்டிப் போய் அண்ணனைக் கூட்டிட்டு வரப் போறாங்களாம். சொன்னா கேக்கல. நீங்க உள்ள போனவங்க ஆச்சே, சொல்லுங்க, அண்ணன் அங்க இருக்காரா?"

அந்தக் கருவி போட்ட சத்தம் திரும்ப என் காதுல கேட்டுச்சு. அங்க போனா இந்தம்மா பிழைக்க மாட்டாங்க.

நெட்டை நைசா நழுவப் பார்த்தான். சட்டையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"தொட்டவன் நீ. நீயே சொல்லு."

"எப்படிக்கா? இவ்வளவு சந்தோஷமா இருக்காங்களே."

"அந்தச் சந்தோஷம் அவங்களைக் கொன்னுடும்டா."

அவன் போய் அந்தம்மா முன்னாடி தரையில உட்கார்ந்தான். "அம்மா... தட்டைத் திறந்தது நான்தாம்மா. நாற்காலியை இழுத்தது, கண்ணாடியை வச்சது, எல்லாம் நான்தான். படம் நல்லா இருக்கணும்னு. அங்க யாரும் வரல."

"பொய். நான் போயிடக் கூடாதுன்னு சொல்றீங்க."

அவன் கேமராவுல முதல் படத்தைத் தேடி எடுத்து நீட்டினான். அந்தம்மா ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்தாங்க. அறைவாங்கன்னு நினைச்சேன். அறையட்டும்னும் நினைச்சேன். அறையல.

"கரண்டி நான் வச்சபடியே இருக்கு"ன்னாங்க.

தோள்ல மாட்டியிருந்த பையைக் கழட்டிக் கீழே வச்சாங்க. நாத்தனார் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுச்சு. அந்தம்மா கண்ணுல ஒரு சொட்டு இல்ல. கேமராவை நெட்டை கையில திருப்பிக் கொடுத்துட்டு, அவனைப் பார்த்துக் கேட்டாங்க:

"அப்போ அவர் அன்னைக்குச் சாப்பிடவே இல்லையாப்பா?"