மேட்டு இலை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. இலை மூட்டை வந்தால், சோதிப்பவரே மூட்டையின் நடுவில் கை விட்டு மாதிரி எடுக்க வேண்டும். விளைவித்தவர் கொண்டுவரும் பொட்டலத்தைத் தொடக் கூடாது. எல்லோரிடமும் கறாராக இருந்த நான், எங்களுக்கு இலை விளைவித்துத் தரும் என் அண்ணன் விஷயத்தில் மட்டும் கண்டுகொள்ளவில்லை. கூடப் பிறந்தவனைப் போய்ச் சந்தேகப்படுவதா? மூன்று வருடமாக அவன் டப்பாவில் கொண்டுவந்த இலையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டேன். மடச்சி.

மூட்டுவலி மாத்திரைக்கான இலை அது. மேட்டு நிலத்துக் கல்மண்ணில், குளிரில் வளரும் சிற்றிலை ரகத்தில்தான் மருந்துச் சத்து முழுசாக இருக்கும். பள்ளத்தில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பேரிலை ரகம் மூன்று மடங்கு விளையும்; சத்து பேருக்குத்தான். காய்ந்து நொறுங்கிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

போன வாரம் மாத்திரை வேலை செய்யவில்லை என்று புகார்மேல் புகார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்க கையெழுத்தை நம்பித்தான் அனுப்பினோம்" என்றார். இன்று காலை அண்ணனின் புது மூட்டைக்குள் நானே கை விட்டேன். கருவி வரைந்த கோட்டில் மருந்துச் சத்துக்கான முகடு எழும்பவே இல்லை. டப்பா இலையில் அது எப்போதும் ஓங்கி நிற்கும்.

வழக்கம்போல் டப்பாவும் கையுமாக அண்ணன் வந்தான். கோட்டைக் காட்டினேன்.

"ஒரே செடிதானே பாப்பா. எங்க வளர்ந்தா என்ன?"

"உனக்கு வித்தியாசம் தெரியாதா அண்ணா?"

"சத்தியமா தெரியாது."

நம்பத்தான் ஆசை. ஆனால் அவன் பையில் இன்னொரு பொட்டலம் தெரிந்தது. அம்மாவின் முழங்காலுக்கு மாதாமாதம் அவன் கொண்டுபோகும் இலை. அதைக் கொதிக்கவைத்துக் குடித்துத்தான் அம்மா மாடிப்படி ஏறுகிறாள். கேட்காமலே எடுத்துச் சோதனைக்கு வைத்தேன். அவன் முகம் வெளுத்தது. அரைமணி நேரம் இருவரும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முகடு ஓங்கி நின்றது.

"அம்மாவுக்கு மட்டும் மேட்டு இலையா?"

படிவத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினேன். கீழே, மூன்று வருடமாக மாதிரியை நான் எடுக்கவில்லை என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

"ஐயோ, உன் வேலையும் போயிடுமே பாப்பா!"

"அது தெரிஞ்சுதானே அண்ணா, மாசாமாசம் என் கையில டப்பாவைக் குடுத்தே?"