பரஞ்சோதி அண்ணன் உள்ளே போகும்வரை

எனக்கு எச்.ஐ.வி. என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாள் காலை, கொட்டாவி விட்டேன். என் குடலின் வாட்ச்மேன் வாய் வழியாக வெளியே வந்து கிரைண்டர் விளிம்பில் உட்கார்ந்தார். டம்ளர் உயரம். காக்கிச் சட்டை, கையில் தடி. பெயர் பரஞ்சோதி. நான் பிறந்தபோதே வேலைக்குச் சேர்ந்தவர்.

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். மாவு புளித்த வாசனை வந்ததும் அவர் தடியை ஓங்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

"பழக்கதோஷம், தங்கச்சி. எங்களுக்கு இந்த வாசனைதான் தெரியும். கிருமின்னா இப்படித்தான் வாடை அடிக்கும்."

"புதுசா வந்தவன்?"

"அவனுக்கு வாசனையே இல்ல."

"அப்புறம் யாரைப் புடிச்சீங்க?"

"ஒருத்தனையும் புடிக்கல. உள்ள ஒரே கூச்சல். கூச்சல் கேட்ட பக்கம் ஓடணும், அது யாரும் சொல்லித் தராமலே எங்களுக்குத் தெரியும். ஓடி ஓடியே பாதிப் பேரு விழுந்துட்டாங்க."

"பட்டாளம் இருக்குமே?"

"இருக்கு. அவன் மொகத்த மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் செருப்பு ஓடி ஓடித் தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். அழுகை வந்தது.

"மாத்திரையப் போடு தாயி. கூச்சல் அடங்கும்."

"விழுந்தவங்க எந்திரிச்சிருவாங்களா?"

"எல்லாரும் மாட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்க கொஞ்சம் உக்காரலாம்."

மாத்திரைப் புட்டியை வெந்தய டப்பாவுக்குள் ஒளித்திருந்தேன். யாராவது பார்த்துவிட்டால் என்னிடம் மாவு வாங்குவார்களா? அன்று சமையலறை கொஞ்சம் நீண்டிருந்தது. டப்பாவுக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டு வந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். வணக்கம் சொல்லிவிட்டு, டப்பாவை முந்தானையில் மூடிக்கொண்டு திரும்பினேன்.

மாத்திரையை விழுங்கினேன். அண்ணன் என் உதட்டில் ஏறி நின்றார்.

"நீங்க இங்கயே இருங்களேன்," என்றேன். "நான் பாத்துக்கிறேன்."

"சுவரு விரிசல் விட்டுருக்கு. வாசனை அடிக்கிற பயலுகளும் உள்ள நுழையறானுங்க. அவனுங்களப் புடிக்க ஆளு வேணும்ல? போய்ச் சேர்ந்ததும் தடியால தட்டுவேன். அதுவரைக்கும் வாய மூடாத, வெளிச்சம் வேணும்."

வாயைத் திறந்தபடி நின்றேன். அண்ணன் இறங்க இறங்கத் தொண்டை நீண்டுகொண்டே போனது. அப்போதுதான் தெய்வானை டீச்சர் தூக்குச்சட்டியோடு வந்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கடையை மூட வேண்டியதுதான்.

டப்பாவிலிருந்து எடுத்த மாத்திரைப் புட்டி மேஜைமேல் கிடந்தது. என் ஒரு கையில் மாவுச் சட்டி, இன்னொரு கையில் படி. மறைக்கக் கையில்லை. பேச வாயில்லை. வாய் பிளந்தபடியே அளந்து ஊற்றினேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புட்டியில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார். என் வாயைப் பார்த்தார். பையிலிருந்து செல்போனை எடுத்து, டார்ச்சைப் போட்டு, என் தொண்டைக்கு நேராகப் பிடித்தார்.

"போறவருக்கு வெளிச்சம் பத்தாதுல்ல," என்றார்.

இருவரும் அப்படியே நின்றோம். அவர் கை வலித்திருக்கும். கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

வயிற்றுக்குள் தடி தட்டும் சத்தம் கேட்டது. வாயை மூடினேன்.

டீச்சர் டார்ச்சை அணைத்தார். தூக்குச்சட்டியை மூடினார்.

"நாளைக்கும் ஒரு படி எடுத்து வை," என்றார்.