சிலிப்பர் கட்டை

கிருஷ்ணம்மாவின் அண்ணன் மாணிக்கவாசகம் ஆறு வருஷம் கழித்து இரத்தோட்டைக்கு வந்தார். அவள் மகள் கல்யாணத்தில் தன்னை முதல் பந்தியில் உட்காரச் சொல்லவில்லை என்று முறைத்துக்கொண்டு போன மனிதர். வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரில் எட்டு பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள்.

"குப்பை மக்கப் போடுற பசளைத் தொட்டிய பன்னி ஒடச்சிருச்சுனு தங்கச்சி போன்ல சொல்லிச்சு. மாத்தளையில மரம் விக்கிற மரக்காலையில எடுத்தேன் மச்சான். பேரன் காலத்துலயும் உக்காது. ஞாயித்துக்கிழம வாறேன், சேந்து அடிப்போம்."

அன்று கிருஷ்ணம்மா அண்ணனுக்கு நாலு கறி வைத்தாள்.

அவர் போனபின் அவள் புருஷன் சிவஞானம் கட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டாம் வகுப்போடு நின்றவர். யார் சொன்னதையும் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். போன தொட்டி அல்பீசியா மரப் பலகை, ஒரு மழைக்கே இற்றுப்போய், பன்றி முட்டியதும் உடைந்தது. வேறு வாங்கப் போனபோது கடைக்காரன் பழைய நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் காட்டினான். முன்னே அதில் என்ன இருந்தது என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இந்தக் கட்டை உறுதிதான். ஆனால் வெயில் ஏற ஏறக் கறுப்பாக வியர்த்தது, தார் போல நாறியது.

"கறையானே வாய் வைக்கல. என்னத்தையோ ஊத்தி ஊற வச்சிருக்கான்."

"எங்கண்ணன் கொண்டாந்தா ஒங்களுக்குச் சொத்தையாத்தான் தெரியும்" என்றாள் கிருஷ்ணம்மா. "இந்த வாட்டியும் அவரு கோவிச்சிட்டுப் போனா, இனி என் சாவுக்குத்தான் வருவாரு."

சிவஞானம் கொல்லைக்குப் போனார். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் ஈரமண் போட்டார். ஒன்றில் மட்டும் கட்டையைச் சுரண்டிக் கலந்தார். இரண்டிலும் ஐந்தைந்து மண்புழுக்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாணிக்கவாசகம் மரம் அறுக்கும் வாளும் கையுமாக வந்தபோது, சிவஞானம் சிரட்டைகளை அவர் முன்னால் வைத்தார். ஒன்றில் புழுக்கள் மண்ணுக்குள் சுகமாக இருந்தன. மற்றதில் மூன்று ஓடிப்போயிருந்தன, இரண்டு துவண்டு கிடந்தன.

"அப்ப நான் வெசத்த ஏத்திட்டு வந்திருக்கேங்கிறீங்க."

"வெசமா என்னானு எனக்குத் தெரியாது மச்சான், நான் படிச்சவன் இல்ல. புழு ஓடுற எடத்துல பசளை எப்படி ஆகும்? அதுல வர்ற கீரையத்தான் ஒங்க தங்கச்சி தெனமும் திங்குது. இந்தக் கட்டை எனக்கு வேணாம்."

அடுப்படி வாசலில் கிருஷ்ணம்மா அகப்பையோடு அப்படியே நின்றாள்.

மாணிக்கவாசகம் வாளைக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டு கிளம்பப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் சிரட்டை மண்ணைக் கிளறினார், மோந்து பார்த்தார்.

"போன வருஷம் எங்க வல்லாரக் கீரப் பாத்திய சுத்தி இதத்தான் பதிச்சேன்" என்றார் கடைசியில். "அந்தக் கீரைய அரிஞ்சு மருமக சம்பல் போடாத நாளில்ல. புள்ளைங்களும் திங்குதுங்க."

சிவஞானம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"கட்டைய நெம்பி எடுக்க ஒங்க வீட்ல அலவாங்கு இருக்கா?"

"இல்ல."

"அப்ப நம்மளத எடுத்துக்கிறேன். இன்னைக்கே தோண்டி எடுத்துருவோம்."

சிவஞானம் சட்டை மாற்றி வருவதற்குள் கிருஷ்ணம்மா அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, ரோட்டில் நின்றாள். அண்ணன் வீட்டு வாசலை அவளும் ஆறு வருஷமாக மிதிக்கவில்லை.

மாத்தளை பஸ்ஸில் நீள இரும்பு அலவாங்கைப் பார்த்து கண்டக்டர் முனகினான். மாணிக்கவாசகம் அதை வாங்கித் தன் கால்களுக்கிடையில் நிறுத்திக்கொண்டார்.

"தொட்டிக்கு என்ன செய்வீங்க?"

"செங்கல். காத்துப் போக எடம் விட்டு ரெண்டு வரிசையா அடுக்கினா பன்னிக்கும் அசையாது."

"எங்க வீட்டுக்குப் பின்னால பழைய செங்கல் கெடக்கு மச்சான்."

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் சிவஞானம்.