கூரை போட்ட கூடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலியம்மா என்றுதான் பேர். யாரைக் கண்டாலும் கடிக்கப் பாயும் எலிகூட அவள் கையில் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். கையுறை போட்டால் எலி மிரளுகிறது என்று, எண்ணெயில் கலந்த மருந்தை வெறுங்கையாலேயே புகட்டுவாள். அது புதுக் கருத்தடை மருந்து. கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். இவள் காதில் போட்டுக்கொண்டால்தானே! கையைக் கழுவினால் போச்சு என்பாள்.

அந்த எலிகளின் கருக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும் அவள் வேலைதான். மருந்து குடிக்காத எலியின் கரு திராட்சைக் கொத்தாகப் பெருகியிருக்கும். குடித்ததன் கரு இரண்டு செல்லோடு நின்றுவிடும். அழுகவும் இல்லை, வளரவும் இல்லை, சும்மா இருக்கும். இப்போதெல்லாம் அதைப் பார்த்ததுமே நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிடுவாள். எத்தனையோ வருஷம் ஏங்கிய பிறகு அவள் வயிற்றிலும் ஒன்று தங்கியிருந்தது. புருஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தெரிந்த நாளிலிருந்து அவள் மருந்தைத் தொடவில்லை. தெரிவதற்கு முன்னால் தொட்டதற்கு என்ன செய்வது?

அன்று கண்ணாடிக்காரி கூண்டுகளைக் காட்டினாள். மருந்து குடித்த எலிகள் காகிதத்தையெல்லாம் நாராகக் கிழித்து, கூரை போட்டுக் கூடு கட்டியிருந்தன. குட்டி போடப் போகிற எலிதான் அப்படிக் கட்டும்.

"உள்ள ஒண்ணுமே இல்லடி. அதுங்களுக்குத் தெரியல, பாவம்."

ஒரு எலி கிழிப்பதை நிறுத்திவிட்டு எலியம்மாவை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அடுத்த கூண்டிலிருந்த எலி. அதற்கடுத்ததும். அவள் கூண்டுகளை விட்டுப் பின்வாங்கினாள்.

வேலை முடிந்து தனியாகவே ஸ்கேனுக்குப் போனாள். டாக்டரம்மா கருவியை அடிவயிற்றில் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். திரையில் கரு இருக்க வேண்டிய பை தெரிந்தது, வட்டமாக, கறுப்பாக. பை இருக்கிறது, உள்ளே கருவைக் காணோம், ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மருந்தைப் பற்றிக் கேட்காமலேயே அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை யார் ஜாடையில் இருக்கும் என்று பேசிக்கொண்டே போனான். அவளும் உம் கொட்டினாள். நடுவில் அவன் பேச்சு நின்றது.

"ஏம்மா, பேப்பரை எதுக்கு இப்படிக் கிழிக்கிற?"

அவள் குனிந்து பார்த்தாள். மடி நிறைய நார் நாராகக் காகிதம். நிறுத்தத்தான் பார்த்தாள். கை கேட்கவில்லை.